பதிதர் என்னும் சொல்

நம் பாட்டனார் காலத்துக் கத்தோலிக்கர் நாவில் எளிதாய் வந்த சொல் ‘பதிதர்’. நாசரேத்திலும் சுற்றூர்களிலும் வாழ்ந்த சீர்திருத்தச் சபையாரை நம்மவர் அவ்வாறே அழைத்தனர். அச்சபைக்குள்ளேயும் 1857-இல் ஒரு பிளவு நேர்ந்தது.

அதற்குத் தலைவர், சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் என்னும் உபதேசியார். நாசரேத் மிஷனரி கெம்மரரோடு பிணங்கியவர். நாடார் குலத்தைத் தாழ்த்திக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் அப்புண்ணை ஆழமாக்கியது. அவரைப் பின்பற்றியோர் ‘ஏக இரட்சகர் சபை’யாகத் தனித்து நின்றனர். வெள்ளையரின் வழிபாட்டு முறையை விலக்கிப் பழைய ஏற்பாட்டை நாடினர், சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினர், தூபமிட்டனர். (தூபத்தைக் குறைகூற நமக்கு வாயில்லை!)

இவர்கள் பதிதரா? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 751-ஆம் விதி, விசுவாச உண்மையைப் பிடிவாதமாய் மறுப்பதைப் பதிதம் என்கிறது. திருத்தந்தைக்குப் பணிய மறுப்பதையோ, அவருக்குப் பணிந்தோரோடு உறவை முறிப்பதையோ பிரிவினை என்கிறது. நாசரேத்தில் முதலில் முறிந்தது விசுவாசமன்று, மனித மதிப்பே. கோட்பாட்டு வேறுபாடு அதன் பின்னே வந்தது. அதே நூற்றாண்டில் கோவாக் குருக்களைச் சார்ந்த கத்தோலிக்கரையும், உரோமையின் குருக்களைச் சார்ந்த கத்தோலிக்கர் ‘பிரிவினைக்காரர்’ என்று ஏசினர். இரு சாராரும் சொன்ன விசுவாசப் பிரமாணமோ ஒன்றே.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பெரும் பிளவுகளில் இரு தரப்பிலும் குற்றமுண்டு என்று ஏற்றது. பிரிந்த சபைகளில் பிறந்து வளர்வோர்மேல் பிரிவினைப் பாவத்தைச் சுமத்தலாகாது என்றும் உரைத்தது. சட்டாம்பிள்ளையின் சபையில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.