கம்பியின் உறையும் உரிக்கும் முறையும்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் வீட்டுக்குள் வரக் கம்பிக்கு உறை வேண்டும். இணைக்குமிடத்தில் அவ்வுறையை நீக்கவும் வேண்டும்.

இத்தொழில் வீட்டு மின்விளக்கினும் பழையது. 1851-இல் டோவர், கலே நகரங்களை இணைத்த கடலடித் தந்தி வடத்துக்கு மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவே உறையாயிற்று. தந்தித் தொழிலாளர் அதைக் கத்தியால் சீவி, செம்பைப் பளபளக்கத் துடைத்து, முறுக்கிப் பற்றவைத்தனர். கத்தி செம்பைக் கீறினால் கம்பி ஒடியும். களிம்பு எஞ்சினால் இணைப்புச் சூடேறும். பிற்காலத்தில், உறையை மட்டும் வெட்டுமாறு அலகின் ஆழத்தை அமைக்கும் பொறிகள் வந்தன.

ஆயினும் பழைய கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. பி.வி.சி. உறை எரியும் புகையில் டையாக்சின் என்னும் நஞ்சு உண்டு. அயல் மாநிலங்களில் இத்தொழில் செய்யும் நம்மவர் பொறியையே நாடுதல் நலம்.