‘ரு’: கன்பூசியத்தின் சொந்தப் பெயர்

நாம் கன்பூசியம் என்பதைச் சீனர்கள் ருஜியா, ருஜியாவ், ருஷ்வே என்கிறார்கள். ரு மரபினர், ரு போதனை, ரு கல்வி என்று பொருள். மூன்றிலும் கன்பூசியஸின் பெயர் இல்லை. கொரியரின் ‘யுக்யோ’, ஜப்பானியரின் ‘ஜுக்யோ’ இரண்டிலும் முதலில் நிற்பது அதே ரு எழுத்துதான்.

யார் இந்த ரு? கன்பூசியஸின் (கி.மு. 551–479) உரையாடல்களைத் தொகுத்த ‘லுன்யூ’வில் இச்சொல் ஒரே ஓரிடத்தில் வருகிறது. மாணவர் ஸி சியாவுக்கு அறிவுரை சொல்லும்போது, ருவில் சான்றோரும் உண்டு, சிறியோரும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். மோ ஸியின் பெயரால் வழங்கும் நூலோ, செல்வர் வீட்டுச் சாவுச் சடங்கை நம்பிப் பிழைப்பவர்கள் என்று ருவினரைக் கடுமையாகச் சாடுகிறது. ஆக, சடங்கும் இசையும் பழைய நூலும் அறிந்து, அந்த அறிவையே தொழிலாகக் கொண்டவர்கள் இவர்கள். கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த அகராதி, ரு என்றால் ‘மென்மை’ என்று பொருள் எழுதியது. அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கி 1934இல் சீன அறிஞர் ஹூ ஷி நீண்ட கட்டுரை எழுதினார்: தோற்றுப்போன ஷாங் அரச மரபின் பூசாரிகளே ருவினர், வென்றவர்முன் பணிந்து வாழ்ந்ததால் வந்த பெயர் அது என்றார். மற்றோர் அறிஞரான குவோ மோருவோ இதை மறுத்தார். எனக்கும் ஹூ ஷியின் முடிவு சான்றைத் தாண்டிப் போனதாகவே படுகிறது; ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியதற்காக அவரைப் போற்ற வேண்டும்.

‘கோங் ஃபூஸி’ என்ற சீனப் பெயரை லத்தீனில் ‘கன்பூசியஸ்’ ஆக்கியவர்கள் சீனா சென்ற இயேசு சபையினர். 1687இல் அவர்கள் பாரிசில் வெளியிட்ட பெருநூல் அப்பெயரை ஐரோப்பா எங்கும் கொண்டுசென்றது. பிறகு அதற்கு ‘இசம்’ ஒட்டியது. ஒரு தலைவர், ஒரு வேதம், ஒரு சமயம் என்ற ஐரோப்பிய அச்சில் ரு வார்க்கப்பட்டது.

1997இல் ஆய்வாளர் லயனல் ஜென்சன் இந்த வார்ப்பையே ஆராய்ந்து நூல் எழுதியபின், சீனவியல் துறைக்குள் சண்டை சூடுபிடித்தது. ஜென்சன் மிகைப்படுத்துகிறார் என்றவர்களும் உண்டு. மைக்கேல் நைலன் போன்றோர் பழங்கால ருவினரைச் ‘செந்நூல் அறிஞர்’ என்ற பொருளில் குறிக்கத் தொடங்கினர். அதற்குச் சற்று முன், 1993இல், ஹூபெய் மாநிலத்தின் குவோதியான் கல்லறையில் ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்த மூங்கில் ஏடுகள் கிடைத்திருந்தன. தாவோ மரபினர் தம் முன்னோடியாகக் கொள்ளும் லாவோ ஸியின் வாசகங்களும் ரு நூல்களும் ஒரே கல்லறையில் இருந்தன. பிற்காலத்தார் போட்ட மரபு வேலிகளை அக்காலத்து மனிதர் அப்படியே கண்டிருப்பார்களா என்று ஆய்வாளர்கள் இன்று கேட்பதற்கு அந்த ஏடுகள் வலுவான காரணம்.

தமிழில் ‘கன்பூசியம்’ ஊன்றிவிட்டது, அதை விலக்க வேண்டியதில்லை. கலைக்களஞ்சியமும் பாடநூலும் எழுதுவோர் அதன் பக்கத்தில் ‘ரு’ என்ற சொல்லையும் இனிச் சேர்த்து அச்சிட வேண்டும்.