தங்க வளையலும் கண்ணாடி இழையும்

செங்கற்பட்டுச் சீமையில் ஓர் ஊருக்கு ஒரு தாதுவின் பெயர் வாய்த்திருக்கிறது. குரோம் உப்பால் தோல் பதனிடும் ஆலை இருந்த இடம், அதனால் குரோம்பேட்டை. மகாபலிபுரத்துக் கற்கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்குவதில்லை. இறங்கத்தான் என்ன இருக்கிறது என்பீர்கள். 1949-ல் சி. ராஜம் என்னும் தனவந்தர் ஸ்தாபித்த தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1950-களில் அங்கே பறக்கும் வயது கடந்த இரண்டு ஆகாய விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் ஒரு மாணவர் மட்டும் அவற்றின் அருகிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருப்பாராம்.

ராமேசுவரத்து அப்துல் கலாம்தான் அவர். யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லத் தகப்பனார் கட்டிய மரப்படகு புயலோடு போயிற்று. கல்லூரியில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்த வீட்டில் அவ்வளவு பணம் ஏது? அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதென்று தம்பி சங்கல்பம் செய்துகொண்டார்.

கலாமை ஏவுகணை விஞ்ஞானி என்கிறோம். 2002 முதல் 2007 வரை ஜனாதிபதியாக இருந்தவர் என்கிறோம். என் அபிப்பிராயத்தில் அவர் ஆயுள் முழுவதும் மல்லுக்கு நின்ற எதிரி ஒன்றுதான்: கனம்.

படித்தது விமானப் பொறியியல். ஆனால் 1960-களில் கேரளத்துத் தும்பாவில் அவர் கைக்கு வந்த வேலைகளில் ஒன்று, கண்ணாடி இழைப் பிளாஸ்டிக். அங்கே மேரி மக்தலேனா மாதாகோவில்தான் காரியாலயம். ஜபக் கூடமே அவருக்கு முதல் ஆராய்ச்சிசாலை ஆயிற்று.

கண்ணாடியாவது, ராக்கெட்டாவது என்று தோன்றும். தட்டினால் உடைகிற சாமான் அல்லவா? மயிரிழையாக நூற்றுவிட்டால் கதை மாறிவிடுகிறது. பெரிய விரிசல் குடியிருக்க அந்த இழையில் இடமில்லை. இழுத்தால் எஃகுக்கு ஈடு கொடுக்கும். பல இழைகளைப் பிசின் ஒன்றாகப் பிணைத்துச் சுமையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. குதிர் செய்யும் களிமண்ணில் நம் பாட்டிமார் வைக்கோல் சேர்த்ததும் இந்த சாஸ்திரந்தான். காஞ்சிபுரத்து வீடுகளில் தார் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போலவே, பிசினில் தோய்த்த இழையை அச்சின்மேல் சுற்றிச் சூடு காட்டி இறுக வைத்தால், இரும்பைவிட வெகு லேசான கூடு கிடைக்கும்.

இன்று மகாபலிபுரம், கோவளம் மணலில் கிடக்கும் மீன்பிடி படகுகளும் இதே ஜாதிச் சரக்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து இவை பெருகின. கட்டுமரம் பழுதானால் அடுப்புக்காவது உதவும். இந்தப் படகு மக்காது, எரிக்கவும் கூடாது. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ராக்கெட்டின் கணக்கு கொடுமையானது. கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 சுமார் 17 டன். 1979 ஆகஸ்டு 10-ல் முதல் முயற்சி வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் வெற்றி. அத்தனை பெரிய ராக்கெட் மேலே கொண்டு சேர்த்த ரோகிணியின் எடை 35 கிலோ! உச்சி அடுக்கின் கூட்டில் ஒரு கிலோ கூடினால் ரோகிணியில் ஒரு கிலோ குறைய வேண்டும். அதனால்தான் மேல் அடுக்குகள் இரண்டுக்கும் இழைக் கூடு. நான்காவது அடுக்கிலிருந்து பிறந்த மோட்டார் 1981-ல் 'ஆப்பிள்' செயற்கைக் கோளை அதன் பாதைக்குத் தள்ளிவிட்டது.

1989 மே 22-ல் பறந்த அக்கினி ஏவுகணை, காற்று மண்டலத்துக்குள் திரும்பும் உஷ்ணத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அதற்குக் கரியிழையைக் கரியிலேயே பதித்த கவசம் வேண்டியிருந்தது. அந்த லேசான சரக்கைப் பார்த்த ஓர் எலும்பு வைத்தியர், ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்துக்குக் கலாமை அழைத்துப் போனார். அங்கே சிறு பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனத்த இரும்புச் சட்டத்தைக் காலில் கட்டி இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் வேறு சட்டம் தயாராயிற்று. அதை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்களாம். பெற்றோர் நம்பமாட்டாமல் அழுதார்களாம். தமக்குப் பேரானந்தம் தந்த காரியங்களைச் சொல்லும்போது கலாம் இதையும் சேர்த்தே சொல்வார்.