பிந்தி வந்த ஒரு பெயர்

ஓட்டிசத்தைக் குழந்தைகளின் குறைபாடாகவே உலகம் நெடுங்காலம் கருதியது. அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் விவரித்தது 11 பிள்ளைகளை. மறுவருடம், சரளமாகப் பேசியும் பிறரோடு ஒட்டாத சிறுவர்களைப் பற்றி வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதினார். ஜெர்மன் மொழியில் கிடந்த அதனைப் பிரித்தானிய மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் ஆங்கில உலகுக்குப் பரவலாக அறிமுகப்படுத்திய பின்னரே வளர்ந்தவர்கள் பலர் தம்மை அதில் காணத் தொடங்கினர். அவருடைய மகளும் ஓட்டிசமுடையவரே.

புலிட்சர் பரிசு பெற்ற இசை விமர்சகர் டிம் பேஜுக்கு இது தெரியவந்தது 2000இல், 45ஆவது வயதில். 2007இல் அவர் அதுபற்றி எழுதிய கட்டுரையை வாசித்தபோது, கரம்பொன்னில் பேருந்துகளின் இலக்கங்களை மனனம் செய்துகொண்டு, எவர் முகத்தையும் பாராமல் சந்தியில் நின்ற என்னைக் கண்டேன். ‘அவன் ஒரு மாதிரி’ என்பார்கள் ஊரார். வேறு சொல் அவர்களிடம் இருக்கவில்லை.

அமைச்சர்களைத் தயக்கமின்றிப் பேட்டி கண்டிருக்கிறேன். கேள்விகள் கையில் இருக்கும். கலியாணவீட்டுப் பந்தியில் பக்கத்திலிருப்பவரோடு என்ன பேசுவதென்று இன்றும் தெரியாது. மருத்துவர் எவரும் சொல்லாமல் அந்தப் பெயரை நான் சூட்டிக்கொள்ளப் போவதில்லை. எனக்காவது எழுத்துத் தொழில் வாய்த்தது. ‘விசர்’ என்ற ஒற்றைச் சொல்லால் ஊரில் ஒதுக்கப்பட்ட சிலர், 1990 இடப்பெயர்வின்பின் எங்கே போனார்களோ!