பாமினியும் ஜாவாவும்: எல்லையில் கழன்று விழும் பெயர்ச்சீட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளும், வினாத்தாள் தட்டச்சு செய்யும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வினாத்தாள், விழா மலர், கலியாண அழைப்பிதழ் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டன. அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். காரணம் எளிது. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இலக்கத்தில் 109, 107, 59, 107, 104. இதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. "இது தமிழ்" என்ற செய்தி எழுத்துக்குள் இல்லை, வெளியே ஒட்டிய சீட்டில் இருக்கிறது. வட்ஸ்அப்பில் கொண்டுபோய் ஒட்டினால் சீட்டு கழன்றுவிடும்.

1991இல் வந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. அங்கே "அ" 2949, "ம" 2990. எந்தக் கணினிக்குப் போனாலும் அந்த எண்ணுக்கு வேறு பொருள் இல்லை.

நிரல்மொழிகளிலும் இதே சிக்கல் உண்டு. குசினியில் ஒரே மாதிரி டின்கள் இருக்கும். ஒன்றில் "ஒடியல் மா", மற்றதில் "அரிசி மா" என்று எழுதி வைப்போம். டின் பொது, உள்ளே வைப்பது மட்டும் வேறு. நிரலில் இப்படி எழுதும் முறைக்குப் பெயர் ஜெனரிக், அதாவது பொதுவகை. தவறான மாவைப் போட்டால் கம்பைலர் உடனே தடுக்கும்.

ஆனால் ஜாவா 1996இலேயே வெளிவந்த மொழி. 2004இல் ஜெனரிக் சேர்த்தபோது, பெயர் எழுதாத டின்களோடு எழுதப்பட்ட பழைய நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு புதியவை சேர்ந்து இயங்க வேண்டும். மார்ட்டின் ஒடெர்ஸ்கி, பிலிப் வாட்லர் முதலியோர் 1998இல் உருவாக்கிய ஜிஜே காட்டிய வழியை ஜாவா எடுத்துக்கொண்டது: கம்பைலர் பெயரைப் பார்த்துச் சரிபிழை சொல்லும், பிறகு அழித்துவிடும். நிரல் ஓடும்போது டின்னுக்குத் தன்னுள் என்ன மா என்று தெரியாது. ஜாவாவின் மேடையில் ஓடும் கொட்லின் மொழிக்கும் இந்தக் குறை வந்து சேர்ந்தது.

மைக்ரோசொப்டின் டொட் நெட் மறுவழி போனது. டொன் சைம், அன்ட்ரூ கென்னடி ஆகியோரின் ஆய்வை வைத்து 2005இல் பெயரை இயங்குதளத்துக்குள்ளேயே பொறித்தார்கள். சி ஷார்ப்பில் எழுதிய பட்டியலை விஷுவல் பேசிக் வாங்கினாலும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். இதற்கும் விலை உண்டு. பழைய பட்டியல் வகைகள் ஒருபக்கம், புதியவை மறுபக்கம் என்று இரண்டு தொகுதிகளை வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆக, எல்லை தாண்டும்போது இரு பக்கமும் ஒத்துக்கொண்டது மட்டுமே கடந்து போகும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த பெயர் அங்கேயே நின்றுவிடும்.

நண்பர்களே, எங்கள் பாடசாலைக் கணினிகளிலும் பழைய பென் டிரைவ்களிலும் பாமினியில் கிடக்கும் வினாத்தாள்களையும் மலர்க் கட்டுரைகளையும் நினைத்துப் பாருங்கள். தமிழில் தேடினால் அவை அகப்படா. எழுத்துமாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் பத்துக் கோப்பையாவது யுனிகோட்டுக்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகக் குழம்பியிருக்கும்.