மருந்து என்று நாம் அழைத்த நஞ்சு

பகாவ் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. களை மட்டும் போகவில்லை. அதை அழிக்க நம் தாய்மார்கள் முதுகில் பம்பைச் சுமந்து ‘மருந்து’ அடித்தார்கள். மலேசியத் தோட்டங்களில் அப்படிப் புழங்கியவற்றுள் கொடியது பாராகுவாட்.

1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மிடறு உள்ளே போனாலும் இந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து நுரையீரலில் சேரும். அங்கே நாம் சுவாசிக்கும் பிராணவாயுவையே நமக்குப் பகையாக்கும். பஞ்சு போன்ற நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது.

கண்டறியும் சோதனையோ எளிது. சிறுநீரில் காரமும் சோடியம் டைதயோனைட்டும் சேர்த்தால் நீலம் தோன்றும். நீலம் கருக்கக் கருக்க, பிழைக்கும் நம்பிக்கை குறையும்.

பழைய சரக்கு கோலா பானம் போலப் பழுப்பாக இருந்தது. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்ததைத் தவறிக் குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. பின்னர்தான் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தார்கள். தோலில் பட்டு ஊறுவதற்கு அவை என்ன செய்யும்?

சுவீடன் 1983இல் தடை விதித்தது. மலேசியா 2002இல் தடைக்கு முடிவெடுத்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1இல்தான் முற்றாகத் தடுத்தது. அதற்குள் பம்பு சுமந்த ஒரு தலைமுறையே ஓய்வு பெற்றுவிட்டது.