விடுபட்ட 293318625600: இராமானுஜன் பட்டியல் குறித்து ஒரு மறுவாசிப்பு

293318625600 என்னும் எண்ணுக்கு 5040 காரணிகள் உண்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. எனவே அது மிகுபகு எண். சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில், 6746328388800 வரை 102 மிகுபகு எண்கள் உள்ளன. இந்த எண் மட்டும் அதில் இல்லை.

இவ்விடுபாட்டை உள்ளுணர்வுக் கணிதத்தின் அடையாளமாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. இராமானுஜனின் தாய்வழிப் பாட்டனார் பணிபுரிந்த காஞ்சிபுரத்தில் கழிந்த சிறுவயதின் ஒரு பகுதி, நாமக்கல் தாயார்மீது குடும்பம் கொண்ட பக்தி ஆகியவற்றில் தொடங்கும் அந்த வாசிப்பு, எண்கள் அவருக்குத் தோன்றின, அவர் தேடவில்லை என்று முடிக்கும். பட்டியலே இதற்கு எதிர்ச்சாட்சி.

விடுபட்ட எண்ணின் வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. பகா எண்கள் இடைவிடாமல் வருகின்றன. அடுக்குகள் எங்கும் ஏறவில்லை. கடைசி அடுக்கு 1. 4, 36 ஆகிய விலக்குகளைத் தவிர மிகுபகு எண்களுக்குக் கட்டுரை நிறுவும் பண்புகள் இவையே. கோட்பாடு இந்த எண்ணை விலக்கவில்லை. மேலும், இதன் பாதியான 146659312800, மூன்றிலொரு பங்கான 97772875200 இரண்டும் பட்டியலில் உள்ளன. பட்டியலை முடித்துவைக்கும் 6746328388800, இதன் 23 மடங்கேதான்.

தவறியது எங்கே? இப்பகுதியில் இரண்டு குடும்பங்கள் போட்டியிடுகின்றன: 7²ஐக் கொண்டு 19இல் முடிபவை ஒன்று, 7ஐ ஒருமுறை மட்டும் கொண்டு 23இல் முடிபவை மற்றொன்று. 128501493120 இரண்டாவதைச் சேர்ந்தது. 146659312800 முதலாவதைச் சேர்ந்தது. 160626866400, 240940299600 மீண்டும் இரண்டாவது. அடுத்து வரவேண்டியது விடுபட்ட எண். பட்டியலோ நேரே 321253732800க்குத் தாவுகிறது. அதுவும் 23இல் முடிவது. 19இல் முடிபவற்றுள் விடுபட்டதே பட்டியல் எல்லைக்குள் கடைசி. முதற்குடும்பம் ஓர் எண் முன்னதாகவே முடிந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். தாவலும் கண்ணில் உறுத்தாது: 240940299600இலிருந்து அடுத்ததற்கு விகிதம் 4/3, அதற்கு முந்தைய படியிலோ, எதுவும் விடுபடாமலே, 3/2.

பெரிய பகா எண் பின்வாங்காது என அவர் கருதினார் என்னும் விளக்கம் நில்லாது. 23ஐக் கண்டபின் 19க்குத் திரும்பும் 146659312800ஐ அவரே பதிந்திருக்கிறார். படியெடுக்கையில் விழுந்த பிழை என்பாரும் உண்டு. அப்படியே இருந்தாலும் பிழை கையினதே, கோட்பாட்டினது அன்று. பாவு பிணைக்கையில் ஓரிழை விட்டுப்போனதற்குக் காஞ்சிபுரத்து நெசவாளர் புட்டாவின் வரைபடத்தைக் குறை சொல்வதில்லை.

தேடலின் படிகளை உறுதியாக மீட்டமைக்க இப்பட்டியல் மட்டும் போதாது. ஆயினும் இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டுச் சலித்த உழைப்பு அதில் வெளிப்படை. விடுபட்ட எண் அந்த உழைப்பை மறுக்கவில்லை. அது நடந்ததற்கான தடயமாகவே நிற்கிறது.